ஏரி பார்க்க வருகிறவர் எதை வாங்கிப் போகிறார்?

கோடை விழா முடிந்து நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றுதான். கூட்டம் அதிகம், கல்லாவில் விழுந்தது குறைவு. அடுத்த மூச்சில் கோரிக்கை வந்துவிடும்: அரசு இன்னொரு பூங்கா அமைக்க வேண்டும், ஏரியில் இன்னும் படகு விட வேண்டும். வணிகப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்க்க இடம் போதாததால் ஏற்காட்டில் வியாபாரம் குறையவில்லை என்பது என் கருத்து.

ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் குகைக் கோயில், தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் என்று இருப்பது கொஞ்சமா? சேலத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர்தான். காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற குடும்பம், எல்லாம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறது. அவர்களுக்கு நாம் துவரம் பருப்பா விற்க முடியும்? பிஸ்கட்டும் சோப்பும் அவர்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். மலையில் வாங்கினால்தான் சரியாக இருக்கும் என்று நம்பி அவர்கள் கேட்பது காபித்தூள், மிளகு, தேன். மளிகைக் கடைக்காரருக்கு அந்த மூன்று டப்பாக்கள்தான் சுற்றுலாத் தலம்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார். இரு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பெயர் அது. விளம்பரத்துக்கு நாம் ஒரு பைசா செலவழிக்கவில்லை. அந்தப் பெயரை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? சமவெளியிலிருந்து மூட்டையில் வருகிற கலவைத் தூளைக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டி, மேலே "ஏற்காடு காபி" என்று அச்சடித்து விற்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. சிக்கரி எவ்வளவு என்று ஒரு எழுத்து இருக்காது.

சிக்கரி கலப்பது குற்றமல்ல. நம் ஜனங்களுக்கு டிகாக்ஷன் கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கும். நானும் கலந்ததைத்தான் குடிக்கிறேன். ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் பொட்டலத்தில் போட வேண்டும் என்பது சட்டம். வாங்கிப் போகிறவர் இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காபி மிதக்கும். சிக்கரி நிறத்தை விட்டுக்கொண்டே அடியில் இறங்கும். மிளகில் கலந்த பப்பாளி விதையும் அப்படித்தான் காட்டிக் கொடுக்கும், அது மிதக்கும். விடுதி அறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு தடவை பார்த்தவர் அடுத்த மே மாதம் நம் கடையில் மட்டுமல்ல, பக்கத்துக் கடையிலும் வாங்க மாட்டார். நேர்மையாக விற்கிற உறுப்பினருக்கும் சேர்த்து நஷ்டம்.

பில் இல்லாமல் வாங்கிய மூட்டையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்தால், மொத்த வியாபாரி மேல் கை காட்ட முடியாது என்பதையும் சில்லறைக் கடைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல சரக்கு எங்கே என்று தேடி அலைய வேண்டாம். செம்மநத்தம், நாகலூர் பக்கம் சிறு விவசாயிகள் காபியும் மிளகும் விளைவிக்கிறார்கள். பழம் பறித்தவுடன் பணத் தேவைக்காக வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பறிப்புக் காலத்தில் நாமே நேரில் போய், எடை சரியாகப் போட்டு, ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம். பச்சைக் கொட்டையாக வைத்தால் கோடை வரை தாங்கும். வறுத்து அரைத்த தூள்தான் சில வாரங்களில் மணம் இழக்கும். ஆகவே கேட்கக் கேட்க வறுக்க வேண்டும். கடையில் இரண்டு டப்பா போதும்: ஒன்றில் சுத்தமான காபி, மற்றதில் கலவை, இரண்டிலும் சதவீதமும் விலையும். சுத்தமானது விலை கூடத்தான் இருக்கும். எதை வாங்குவது என்பதை வந்தவர் முடிவு செய்யட்டும்.

2019-ல் கூர்க், சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய 5 ஊர்க் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வரிசையில் ஏற்காடு இல்லை. அதே ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுகூட வாங்கிவிட்டது. இதற்கான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரிகள் மட்டும் போய் நின்றால் நடக்காது. விளைவிப்பவர்களின் நலனுக்காக நிற்கிற அமைப்பு விண்ணப்பிக்க வேண்டும். தோட்டக்காரர்களையும் மலைக்கிராமத்து விவசாயிகளையும் நாம் அழைத்துப் பேச வேண்டும் என்று அர்த்தம். பூங்கா கேட்டு மனு எழுதுகிற நேரத்தில் இதைச் செய்யலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பறிப்பு நவம்பரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கூட்டம் போட்டால் இந்த வருடக் கொள்முதலுக்கே உதவும்.