முக்குளிக்கத் தெரிந்த மொழி

‘ஸ்கூபா’ என்றவுடன் நம் மனத்தில் எழுவது அந்தமானின் தெளிந்த நீரும் பவளப்பாறைகளும்தான். தலத்தெருவிலிருந்து புறப்பட்டு, அரசலாறு கடலில் கலக்குமிடத்தில் போய் நிற்பவருக்கு அந்த நீலம் கிட்டாது. ஆறுகள் கொணரும் வண்டலும் அலை கிளறும் மணலும் கலந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோர நீர் பழுப்பாகவே கிடக்கும். ஆகவே காரைக்கால் கடலுக்குள் பார்க்க ஒன்றுமில்லை என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிட்டோம். அம்முடிவு தவறு என்பதே நம் கருத்து.

‘குளித்தல்’ என்பதற்குத் தமிழில் மூழ்குதல் என்றும் பொருளுண்டு. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் ஆகிய சொற்களில் அப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. குளத்தில் ஓரிடத்தில் மூழ்கி வேறிடத்தில் எழும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயரிட்டிருக்கிறோம். பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் 1943-இல் மூச்சுக்கருவியை உருவாக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மன்னார் வளைகுடாவின் குளியாட்கள் கல்லின் கனத்தில் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்கிக் கயிற்றைப் பற்றி மேலேறினார்கள். அது பிழைப்பு, இன்றைய முக்குளிப்பு பொழுதுபோக்கு. இரண்டுக்கும் நடுவே நாம் எழுப்பிக்கொண்ட சுவர்தான் உறுத்துகிறது.

கலங்கிய கடலும் வெறுங்கடல் அன்று. காரைக்காலுக்கு வடக்கே பூம்புகாருக்கு அப்பால், 1990களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பொன்றைக் கண்டார்கள். அதன் காலம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பழஞ்சுவரே வேண்டுமென்பதில்லை, ஒரு துறைமுகப் பாலத்தின் தூணே போதும். புதுச்சேரியில் 1962-இல் கட்டிமுடிக்கப்பட்ட பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. கரையில் நிற்பவருக்கு அது இடிபாடு. நீருக்கடியில் கிடக்கும் கான்கிரீட்டோ கொட்டலசும் சிப்பியும் பற்றி வளர, மீன்கள் வந்து ஒதுங்கும் இடமாகும்.

ஆயினும் பாலத்தடி விளையாட்டுத் திடலன்று. அறுந்த வலை, தூண்டில் முள், துருக்கம்பி, படகுகளின் போக்குவரத்து என எல்லாம் அங்குண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. கலன் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் கிழியும். பயிற்சியின்றி இறங்கலாகாது. புதுச்சேரியில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அத்தொழில் காரைக்காலுக்கும் வருமெனில், நீரோட்டமும் சேற்றுப்பாங்கும் அறிந்த மீனவ இளைஞர்களே வழிகாட்டிகளாக வேண்டும். மூட்டை சுமப்பவர்களாக அல்ல. இல்லாத நீலத்தை விளம்பரத்தில் காட்டி விற்கவும் வேண்டாம்.

2004 டிசம்பர் 26 இக்கரைக்குக் கடலை அச்சமாக்கிவிட்டுப் போனது. ஆழிப்பேரலையின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தேர்ந்தவர் துணையோடு அமைதியான நீரில் ஸ்நார்கெல் குழலைக் கவ்வி முகம் கவிழ்த்துப் பார்க்கும் ஐந்து நிமிடம் சிறிய பேறல்ல. நம் நெய்தல் எழுத்தும் பெரும்பாலும் கரையிலும் படகிலுமே நின்றுவிடுகிறது. நீருக்கடியிலிருந்து எழுதப்போகிறவர் அப்பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும்.