புதிய ரயர் போட்டபின் ஸ்ரியறிங் நடுங்குகிறதா?

வாகனமும் நாமும்



வானை நம்பிப் பிழைக்கும் பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். தாமே ஓட்டுபவர்களும் உண்டு. சாரதி ஒருவரை வைத்துப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவர்களும், ஹயருக்கு விடுபவர்களும் உண்டு. லீசிங் கட்டி முடிவதற்குள் ரயர்கள் தேய்ந்துவிடும். சீட்டுக் காசில் புதிய ரயர் போட்டு வீதிக்கு ஏறினால், வேகம் கூடும்போது ஸ்ரியறிங் கையில் நடுங்குகிறது. ஒரு கராஜில் "அலைன்மென்ற் பிழை" என்பார்கள். இன்னொன்றில் "றொட் எண்ட் மாற்ற வேண்டும்" என்பார்கள். காசைக் கொடுக்கமுன் நாமே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். ரயர் மாற்றிய நாளிலிருந்துதான் நடுக்கம் தொடங்கியது என்றால், காரணத்தை முதலில் சில்லிலேயே தேட வேண்டும்.

முதலில் நட்டு

நடுக்கம் தெரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து, வீதி ஓரமாக நிறுத்தி, சில்லு நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டும் நடுக்கத்தைத் தரும். அது சில்லையே கழற்றிவிடும். நட்டுகளை ஒன்றுக்கு அடுத்ததாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். புதிய ரயர் போட்டு 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்ப்பது அவசியம்.

ஏன் வேகத்தில் மட்டும்?

எந்தப் புதிய ரயரும் சுற்றிவர ஒரே பாரமாக இருப்பதில்லை. அதனால்தான் றிம்மில் சிறிய ஈயத்துண்டுகளை வைத்துச் சமப்படுத்துகிறார்கள். இதுவே வீல் பலன்சிங். 14 அங்குல றிம்மின் விளிம்பில் 30 கிராம் பாரம் கூடியிருந்தால், 80 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ பாரம் இழுப்பதுபோலச் சில்லை இழுக்கும். சில்லு வினாடிக்கு 12 தடவை சுற்றுவதால், அந்த இழுப்பும் வினாடிக்கு 12 தடவை வரும். 40 கி.மீ. வேகத்தில் அதில் காற்பங்குதான். ஆகவே ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் - மீரிகம அதிவேக வீதி போன்ற இடத்தில் ஏறியதும் தெரிந்துவிடும்.

நடுக்கம் சொல்லும் செய்தி

1. ஸ்ரியறிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கையும் தரையும் நடுங்கினால் பின் சில்லு.

2. 80 - 100 கி.மீ. அளவில் மட்டும் வந்தால் பலன்சிங் பிழையாக இருக்கலாம்.

3. 30 - 40 கி.மீ. வேகத்திலேயே ஆடினால் றிம் வளைந்திருக்கலாம். அல்லது ரயர் றிம்மில் சரியாக உட்காரவில்லை. றிம்முக்கு அருகே ரயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். அது சுற்றிவர ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும்.

4. பிறேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் குற்றம் ரயரில் இல்லை, பிறேக் டிஸ்க்கில்.

5. வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், அல்லது ரயர் ஒரு ஓரத்தில் தேய்ந்தால் அலைன்மென்ற் பார்க்க வேண்டும். நடுக்கத்துக்கு அது பெரும்பாலும் காரணமாவதில்லை.

மழைக்காலத்தில் றிம்மின் உட்பக்கத்தில் செம்மண் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். முதலில் கழுவிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

கடையில் என்ன கேட்பது?

பற்றுச்சீட்டுடன் ரயர் போட்ட கடைக்கே முதலில் போங்கள். பழைய ஈயத்துண்டுகளைக் கழற்றிவிட்டு மீண்டும் பலன்ஸ் பண்ணும்படி கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அது உங்கள் உரிமை. மெஷினில் ஒவ்வொரு சில்லுக்கும் உட்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும். சில்லு சுற்றும்போது றிம் ஆடுகிறதா என்பதையும் கவனியுங்கள். சில்லைத் திரும்பப் பூட்டமுன் அது பொருந்தும் இடத்திலுள்ள துருவையும் மண்ணையும் துடைக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால், முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நடுக்கம் ஸ்ரியறிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் குற்றம் சில்லிலோ ரயரிலோதான். மாறாமல் ஸ்ரியறிங்கிலேயே நின்றால் மட்டும் றொட் எண்ட், போல் ஜொயின்ற், பெயறிங் ஆகியவற்றைப் பார்க்கலாம். இந்தச் சோதனை செய்யாமல் உதிரிப்பாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

வாங்கும்போதே ரயரின் பக்கத்தில் "டொட்" என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பல வருடம் கடையில் கிடந்ததைப் புதிது என்று விற்றால் திருப்பிக் கொடுங்கள்.

"பெண்களுக்கு இது விளங்காது" என்று யாரும் சொன்னால் கோபப்பட வேண்டாம். "முன் சில்லா, பின் சில்லா? எத்தனை கி.மீ. வேகத்தில்?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறிவிடும். நடுக்கம் நிற்கும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட வேண்டாம். ஒருநாள் ஹயர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம்.