ஃபில்லர் உள்ள முகத்தில் பருத்தழும்புச் சிகிச்சை: ஒரு தடைவிதிக்கு மறுப்பு

முகத்தில் ஃபில்லர் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பருத்தழும்புச் சிகிச்சை செய்யக்கூடாது என்ற கருத்து, அழகுச் சிகிச்சை நிலையங்களிலும் அவற்றை நாடுவோரிடையேயும் மாற்றமுடியாத விதியைப்போல வழங்கிவருகிறது. ஃபில்லர் என்பது, வயதினாலோ தழும்பினாலோ தோலின் அடியில் குறைந்துபோன பருமனை ஈடுசெய்வதற்காக ஊசி வழியே செலுத்தப்படும் கூழ் போன்ற பொருள். கன்னத்தில் அதை ஏற்றிக்கொண்ட ஒருவர், பதின்வயது முகப்பரு விட்டுச்சென்ற குழிகளுக்குப் பின்னாளில் சிகிச்சை தேடி வரும்போது, ஃபில்லரைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படுவதும், நன்றாக அமைந்திருக்கும் ஃபில்லரை முதலில் கரைத்துவிட்டு வரும்படி சொல்லப்படுவதும் உண்டு. வெப்பம் ஃபில்லரை உருக்கிவிடும், ஊசி அதை இடம்பெயர்த்துக் கிருமித்தொற்றை உண்டாக்கும், ஆகவே அதைக் கரைத்துவிடுவதே பாதுகாப்பு, கரைக்க மனமில்லையெனில் அது தானாக மறையும்வரை காத்திருக்க வேண்டும் என்ற நான்கு வாதங்கள் இந்த விதிக்கு ஆதாரமாகச் சொல்லப்படுகின்றன. நான்கிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைகளைத் தனித்தனியாகவோ ஒன்றுசேர்த்தோ பார்த்தாலும், எல்லோருக்குமான ஒரு தடை அவற்றிலிருந்து பிறப்பதில்லை. முகத்தில் ஃபில்லர் இருக்கிறதா என்பதைவிட, எந்த ஃபில்லர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும், செய்யப்போகும் சிகிச்சை எந்த ஆழத்தை எட்டுகிறது என்பதுமே பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

இதை விளங்கிக்கொள்வதற்குத் தழும்பின் வகைகளை முதலில் அறிய வேண்டும். பருவினால் உண்டாகும் பள்ளத் தழும்புகளைத் தோல் மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கின்றனர். 2001-இல் வெளியான அந்த வகைப்பாடே இன்றும் பரவலாக வழக்கில் உள்ளது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில், ஊசி குத்தியதுபோல ஆழமாக இறங்குபவை ஊசிக்குழிகள். செங்குத்தான சுவர்களோடு ஏறத்தாழ 1.5 முதல் 4 மில்லிமீட்டர்வரை அகன்றிருப்பவை பெட்டிக்குழிகள். அவற்றினும் அகன்று, தெளிவான விளிம்பின்றிப் பரந்திருப்பவை அலைக்குழிகள். மெத்தையைத் தைத்த நூல் துணியைக் கீழிழுத்துப் பிடித்த இடம் பள்ளமாவதுபோல, தோலின் அடியிலுள்ள நார்ப்பட்டைகள் மேல்தோலைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் அலைக்குழிகள் தோன்றுகின்றன. ஊசிக்குழிக்கு அடர்த்தி மிகுந்த டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டுவைக்கும் முறையும், பெட்டிக்குழிக்கு லேசரும் நுண்ணூசிச் சிகிச்சையும், அலைக்குழிக்குத் தோலடியில் ஊசியைச் செலுத்தி நார்ப்பட்டைகளை அறுக்கும் சப்சிஷன் என்ற முறையும் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் எட்டும் ஆழம் வேறு என்பதால், எல்லாவற்றையும் ‘தழும்புச் சிகிச்சை’ என்ற ஒரே சொல்லில் அடக்கித் தடைசெய்வது தொடக்கத்திலேயே பிழைபடுகிறது.

ஃபில்லரும் ஒரே பொருளன்று. மிகுதியாகப் பயன்படுவது ஹயலூரானிக் அமிலம். மனிதத் தோலில் இயல்பாகவே உள்ள இச்சர்க்கரைச் சங்கிலியை, விரைவில் சிதையாதபடி வேதிப்பிணைப்புகளால் இறுக்கிக் கூழாக்குகின்றனர். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் துகள்களும் பாலி லாக்டிக் அமிலமும் தோல் தன் கொலாஜன் நாரைத் தானே பெருக்கிக்கொள்ளத் தூண்டுபவை. பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்ற நெகிழி நுண்மணிகளைக் கொண்ட ஃபில்லரோ உடலில் கரையாமல் நிரந்தரமாகத் தங்குவது. கன்னத்திலுள்ள, இழுத்தால் சமனாகக்கூடிய பருத்தழும்புகளுக்கெனவே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. பருத்தழும்புக்கே சிகிச்சையாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு பொருள் இவ்வகைக்குள் இருக்கும்போது, ஃபில்லரையும் தழும்புச் சிகிச்சையையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது பொருந்தாது.

லேசரின் வெப்பம் ஃபில்லரை உருக்கிவிடும் என்பது முதல் வாதம். ஹயலூரானிக் கூழ் வெப்பம் பட்டதும் உருகி ஓடும் மெழுகன்று. ஊசிக்குழாயில் அடைக்கப்பட்ட பிறகு அது பொதுவாக நூறு பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட நீராவி வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்யப்பட்டே விற்பனைக்கு வருகிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் மடிப்புகளில் ஹயலூரானிக் ஃபில்லர் ஏற்றப்பட்டவர்களுக்கு, மேல்தோலைச் சிதைக்காத லேசர், ரேடியோ அலை வெப்பச் சிகிச்சை, செறிந்த ஒளித்துடிப்பு ஆகியவற்றை அளித்து 2007-இல் வெளியிடப்பட்ட சமவாய்ப்பு ஆய்வில், அச்சிகிச்சைகளால் ஃபில்லரின் பயன் குறைந்ததாகத் தெரியவில்லை. மறுபுறம், 2008-இல் பன்றித்தோலில் செய்து வெளியிடப்பட்ட ஆய்வில், மேலோட்டமான சிகிச்சைகள் ஃபில்லரைத் தொடாதிருக்க, ஆழமாகத் துளைக்கும் லேசர் மட்டும் ஃபில்லர் இருந்த இடத்தை எட்டியது. இவ்விரண்டும் முரண்பட்ட முடிவுகள் அல்ல. ஆழமே அளவுகோல் என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

அந்த அளவுகோலை முகத்தில் பொருத்திப் பார்க்கையில் வாதத்தின் எல்லை இன்னும் தெளிவாகிறது. கன்ன எலும்பை ஒட்டி ஏற்றப்பட்ட ஃபில்லர் தோலின் மேற்பரப்பிலிருந்து பல மில்லிமீட்டர் கீழே கிடக்க, தோலில் நுண்ணிய வெப்பப் புள்ளிகளை இடைவெளிவிட்டுப் பதிக்கும் ஃபிராக்ஷனல் லேசர்களில் பல, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ளேயே தம் வேலையை முடித்துவிடுகின்றன. ஆனால் கண்ணுக்குக் கீழ் மெல்லிய தோலின் அடியிலோ, தழும்பை உயர்த்துவதற்காகத் தோலின் நடுவடுக்கிலேயோ ஏற்றப்பட்ட ஃபில்லருக்கு இந்த இடைவெளி கிடையாது. ஊசிமுனைகள் வழியே ஆழத்தில் வெப்பம் பாய்ச்சும் ரேடியோ அலை நுண்ணூசிக் கருவியும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடியது. இவ்விடங்களில் ஆழத்தைக் குறைத்தோ, அவ்விடத்தைத் தவிர்த்தோ, ஃபில்லரின் ஒரு பகுதி விரைந்து சிதையலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றோதான் சிகிச்சை செய்ய வேண்டும். அது எச்சரிக்கைக்கு உரிய இடமே அன்றி, முகம் முழுவதற்குமான தடைக்கு ஆதாரமாகாது.

ஊசி பட்டால் ஃபில்லர் இடம்பெயரும், கிருமி நுழையும் என்பது இரண்டாம் வாதம். புதிதாக ஏற்றிய ஃபில்லர் சுற்றியுள்ள திசுவோடு இன்னும் பொருந்தாமல், வீக்கமும் தணியாமல் இருக்கும் தொடக்க வாரங்களில் அழுத்தமும் துளைப்பும் தவிர்க்கப்பட வேண்டும் என்பது சரியே. மேலோட்டமான சிகிச்சைக்குக்கூட இரண்டு வாரமேனும், ஆழமானவற்றுக்கு அதனினும் கூடுதலாகவும் இடைவெளி விடுவது கவனமுள்ள மருத்துவர்களின் வழக்கம். தொற்றைப் பற்றிய அச்சத்துக்கும் காரணம் உண்டு. ஃபில்லரின் மேல் படியும் கிருமிகள் தம்மைச் சுற்றிப் பாதுகாப்புப் படலம் அமைத்துக்கொண்டால், மாதங்கள் கழித்தும் கட்டிகள் தோன்றக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டப்படும்போது ஃபில்லர் உள்ள இடம் வீங்குவதும் அறியப்பட்டதே. 2020 டிசம்பரில் மாடர்னா நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசி அமெரிக்காவில் பரிசீலிக்கப்பட்டபோது, ஃபில்லர் ஏற்றிக்கொண்டிருந்த சிலருக்கு முகவீக்கம் வந்த செய்தி வெளியானது.

இவற்றிலிருந்து பெறவேண்டிய முடிவு, சீழ்ப்பருக்கள் இருக்கும்போது அவற்றின்மீது ஊசி ஓட்டக்கூடாது, தோலை முறையாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், ஃபில்லர் உள்ள இடம் சிவந்தோ வலித்தோ கட்டிதட்டியோ இருந்தால் அதைக் குணப்படுத்தாமல் வேறெதையும் தொடங்கக்கூடாது என்பதே. இந்த வாதம் உண்மையிலேயே வலுவாக நிற்கும் ஓரிடம் சப்சிஷன். நார்ப்பட்டையை அறுக்கும் ஊசி ஓடுகிற தோலடித் தளத்திலேயே ஃபில்லரும் இருக்கக்கூடும் என்பதால், அது கலைந்து பரவ வாய்ப்பு உண்டு. எனினும், அறுத்த நார்ப்பட்டை மீண்டும் ஒட்டிக்கொள்ளாதிருக்க, சப்சிஷன் செய்த இடத்தில் ஃபில்லரை ஏற்றும் முறையும் மருத்துவத்தில் நிலைபெற்றிருக்கிறது. ஆகவே இங்கும் கவனிக்க வேண்டியவை பழைய ஃபில்லரின் இடமும் வகையுமே.

ஃபில்லரைக் கரைத்துவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு என்ற மூன்றாம் வாதம், மற்றவற்றைவிடப் பொறுப்புள்ளதுபோலத் தோன்றுவதால் கூடுதல் கவனத்துக்கு உரியது. கரைப்பதற்குப் பயன்படும் ஹயலூரானிடேஸ் என்ற நொதி, ஃபில்லர்களில் ஹயலூரானிக் அமிலத்தை மட்டுமே சிதைக்கும். கால்சியம் துகள்களும் பாலி லாக்டிக் அமிலமும் நெகிழி மணிகளும் அதற்குக் கரைவதில்லை. ஏற்றியது எதுவென்று அறியாமல் நொதியைச் செலுத்துவது பயனற்ற ஊசியாகவே முடியக்கூடும். அந்நொதி ஒவ்வாமையையும் உண்டாக்கலாம். தேனீயின் நஞ்சிலும் ஹயலூரானிடேஸ் இருப்பதால், தேனீ, குளவிக் கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்களிடம் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேலும், அலைக்குழிகளை இதுவரை தாங்கி உயர்த்தி வைத்திருந்தது அந்த ஃபில்லராகவே இருந்தால், கரைத்த பின் தழும்புகள் முன்னினும் ஆழமாகத் தெரியும். தவறான இடத்தில் ஏற்றப்பட்டது, கட்டிதட்டியது, இரத்தக்குழாயை அடைத்தது, சப்சிஷன் செய்யவேண்டிய அதே தளத்தில் பெருமளவு தேங்கியிருப்பது போன்ற நிலைகளில் கரைத்தல் தேவையாகிறது. இரத்தக்குழாய் அடைப்பிலோ அது அவசரச் சிகிச்சையும் ஆகிறது. தெளிவான காரணத்தோடு செய்யவேண்டிய ஒன்றை, எல்லோருக்குமான நுழைவுச்சீட்டாக்குவது, இல்லாத ஆபத்தை நீக்குவதற்காக உள்ள ஆபத்தொன்றை ஏற்பதாகும்.

தானாக மறையும்வரை காத்திருக்கலாம் என்ற நான்காம் வாதம், ஃபில்லர் ஓராண்டில் மறைந்துவிடும் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. காந்த அதிர்வுப் படங்களில், இரண்டு ஆண்டுகளைக் கடந்தும் ஹயலூரானிக் ஃபில்லர் நடுமுகத்தில் தங்கியிருப்பது காணப்பட்டுள்ளது. வெளித்தோற்றத்தில் பயன் குறைந்துவிட்டது என்பதால் பொருள் முற்றிலும் போய்விட்டதாகாது. நெகிழி மணிகளுக்கோ காத்திருப்பு என்பதற்கே பொருளில்லை. எனவே, நாள்காட்டியை மட்டும் நம்பிக் காத்திருப்பவர் பல ஆண்டுகளை இழந்த பின்னும் ஃபில்லர் இல்லாத முகத்தை அடைவார் என்பதற்கு உறுதியில்லை. இதே பிழையின் மறுமுனைதான், இரண்டு வாரம் கழிந்துவிட்டால் எதையும் செய்யலாம் என்று விளம்பரப்படுத்தும் நிலையங்களின் கூற்று. ஒன்று எந்நாளும் கூடாதென்கிறது, மற்றொன்று குறித்த நாளுக்குப் பின் எதுவும் கூடுமென்கிறது. இரண்டுமே ஆழத்தையும் பொருளையும் கேளாமல் நாட்களை மட்டும் எண்ணுகின்றன.

இந்தத் தடைவிதியின் பெருங்கேடு, உண்மையான ஆபத்தாகிய நிறமாற்றத்தைக் கண்ணிலிருந்து மறைப்பதில் இருக்கிறது. தோல் வெயிலுக்குக் கருக்கும் இயல்பை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் வரிசையில், தமிழர் உள்ளிட்ட தென்னாசியரில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் படிகளை ஒட்டி வருகின்றனர். இத்தகைய தோலில் சூடோ அமிலமோ சற்று மிகுந்தாலும், அழற்சிக்குப் பின் கருமை படிந்து மாதக்கணக்கில் நீடிக்கும். இவர்களைப் பொறுத்தவரை, லேசரின் ஆற்றலைக் குறைத்து அமர்வுகளைக் கூட்டுவதும், நுண்ணூசி போன்ற நிறமாற்றம் குறைந்த முறையை முன்வைப்பதும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெயிலைத் தவிர்த்துச் சன்ஸ்கிரீன் இடுவதும், ஃபில்லரைப் பற்றிய கேள்விக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை. தக்க மருத்துவரால் திருப்பி அனுப்பப்பட்டவர், இணையத்தில் வாங்கிய அமிலத்தையோ, நுண்ணூசிகள் பதித்த உருளையான டெர்மா ரோலரையோ தம் கையால் முகத்தில் பயன்படுத்தத் துணிவாரானால், தடைவிதி தான் தடுக்க எண்ணிய தீங்கினும் பெரிய தீங்குக்கு வழிவிட்டதாகிவிடும்.

தடைக்கு மாற்றாக வேண்டுவது ஒழுங்கான விசாரணை. ஃபில்லர் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொருவரும் அதன் பெயர், தொகுதி எண், ஏற்றிய நாள், இடம், அளவு ஆகியவற்றைப் பெட்டியின் ஒட்டுச்சீட்டோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவர்களின் உரிமை. அக்குறிப்பு இல்லாதபோது, தோலுக்கென அமைந்த உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட், ஃபில்லர் எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பெருமளவு காட்டிவிடும். தோலை விரல்களால் மெல்ல இழுத்துப் பார்த்தால் சமனாகும் தழும்புகள் எவை, ஆகாதவை எவை என்பதைப் பிரித்தறியலாம். ஃபில்லர் ஆழத்தில் இருந்து தழும்பு ஊசிக்குழியாக இருந்தால், அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொடும் முறைக்கு ஃபில்லர் பெரும்பாலும் இடையூறாவதில்லை. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் மட்டுமே கடினமான முடிவுகள் தேவைப்படுகின்றன. இரண்டையும் இனிமேல்தான் தொடங்கப்போகிறவர், தழும்புச் சிகிச்சையை முதலில் முடித்து, தோல் ஆறிய பின் எஞ்சிய பள்ளத்துக்கு மட்டும் ஃபில்லரை நாடுவது எளிய ஒழுங்கு. எந்த வரிசையானாலும், ஃபில்லர் ஊசிக்குப் பிறகு இயல்பை மீறிய வலியோ, தோல் வெளுத்து வலைபோல நிறம் மாறுவதோ, பார்வை மங்குவதோ தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனையை அடைய வேண்டும்.

தடைவிதியிலிருந்து, நான்கு வாதங்களையும் சலித்த பின் எஞ்சுவது நிபந்தனைக்குட்பட்ட சில எச்சரிக்கைகளே: புதிய ஃபில்லர்மீது கை வைக்கக்கூடாது, ஃபில்லர் கிடக்கும் ஆழத்தை எட்டும் கருவியைத் தெரியாமல் செலுத்தக்கூடாது, அழற்சி கண்ட இடத்தைத் தொடக்கூடாது, ஏற்றியது எதுவென்று அறியாமல் கரைக்கவும் கூடாது. பருத்தழும்பு பலருக்கு இளமைக்காலத்தின் தன்னம்பிக்கையையே அரித்த ஒன்று. அதற்கு மருந்து தேடி வரும் ஒருவரை ஒற்றைச் சொல்லால் மறுப்பது மருத்துவருக்கு எளிதாக இருக்கலாம், ஆனால் அது நோயாளிக்குப் பாதுகாப்பாகிவிடாது. எது, எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்ற கேள்விகளைக் கேட்டு விடை பெற்ற பிறகு வரும் மறுப்பே மருத்துவ முடிவு எனத்தக்கது. அக்கேள்விகளைக் கேட்கும்படி வற்புறுத்தும் உரிமை நோயாளிக்கு உண்டு.