பந்துகளை எண்ண வேண்டியவர் யார்?

2019ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் பள்ளிகளுக்கிடையிலான பேஸ்பால் இறுதிப் போட்டி நடைபெற்றது. வெல்லும் பள்ளி, கோஷியென் எனப்படும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும். ஓஃபுனாத்தோ உயர்நிலைப் பள்ளி அந்தக் களத்தைக் கண்டு 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் அணியில் ரோக்கி சசாக்கி என்னும் 17 வயது மாணவர் 'பிட்சர்', அதாவது பந்தை எறியும் வீரர். அவ்வாண்டு ஏப்ரலில் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து நாட்டையே வியக்க வைத்தவர். ஆயினும் இறுதிப் போட்டியில் பயிற்சியாளர் யோஹெய் கொக்குபோ அவரைக் களமிறக்கவில்லை. முந்திய நாள் அரையிறுதியில் சசாக்கி 129 பந்துகளை எறிந்திருந்தார். அதற்குச் சில நாள்கள் முன்னர், நீண்டுகொண்டே போன ஓர் ஆட்டத்தில் 194 பந்துகள். ஓஃபுனாத்தோ 12-2 என்ற கணக்கில் தோற்றது. பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன.

பயிற்சியாளர் செய்ததே சரி என்பது என் துணிபு. 2022 ஏப்ரலில், 20 வயதில், எதிரணியினர் ஒருவரையும் முதல் தளத்தை அடையவிடாத 'முழுநிறை ஆட்டம்' ஒன்றைச் சசாக்கி ஆடிக் காட்டினார். கொக்குபோவை ஆதரிப்போர் இதனையே சான்றாகக் காட்டுவர். எனக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. அம்மாணவர் பேஸ்பாலை விட்டுவிட்டு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தாலும் அந்த முடிவு சரியானதே. பின்னாளில் புகழ்பெறப் போகும் கை என்பதற்காக ஒரு கையைக் காப்பதில்லை. அது ஒரு பிள்ளையின் கை.

எனினும் மறுபக்கத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. உடன் ஆடிய மாணவர்களுக்கும் அது வாழ்வில் ஒருமுறை வாய்க்கும் வாய்ப்பு. அவர்களுடைய இழப்பு உண்மையானது. ஆகவேதான் இத்தகைய முடிவை ஆட்ட நாளன்று ஒரு தனிமனிதர் தலையில் சுமத்துவது முறையன்று. விதி முன்கூட்டியே இருத்தல் வேண்டும். ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் கூட்டமைப்பு 2020 முதல் ஓர் எறிவீரர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என வரையறுத்தது. 500 என்பதே மிகுதி என்று கருதுகிறேன். ஆனாலும் எல்லையே இல்லாதிருந்த இடத்தில் ஓர் எல்லை வந்தது.

எல்லை ஏன் வேண்டும்? பந்தைத் தலைக்கு மேலே கொண்டுசென்று வேகமாக எறியும்போது முழங்கையின் உட்புறம் பிளந்துகொள்வது போல இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்குவது அங்குள்ள சிறிய தசைநார். பெரியவர்களிடம் முதலில் சிதைவது இதுவே. வளரும் பிள்ளைகளிடமோ, அத்தசைநார் பற்றியிருக்கும் எலும்பு முனை இன்னும் முழுமையாக ஒட்டியிருப்பதில்லை. இடையில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. தசைநாரைவிட அது வலுக்குறைந்தது. ஆதலால் சிறுவர்களுக்கு அவ்விடமே முதலில் நோகிறது. 'வளர்கிற வயது, வலிக்கத்தான் செய்யும்' என்று வீட்டில் சொல்லப்படுவது இவ்விடத்தில் பெருந்தவறு.

அமெரிக்காவில் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளது. அலபாமாவிலுள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தார் 481 இளம் எறிவீரர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்காக இருந்தது. 2006இல் வெளியான மற்றோர் ஆய்வில், கை களைத்த பின்னும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு இவ்வாய்ப்பு 36 மடங்கு எனக் கண்டனர். 36 மடங்கு! புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேசும்போதுகூட இத்தகைய எண்ணை நாம் எளிதில் எடுத்தாள்வதில்லை.

இவ்வாய்வுகளின் வழியே அங்கு விதிகள் பிறந்தன. சிறுவர் லீக் போட்டிகளில் 2007 முதல் இன்னிங்ஸுக்கு மாறாகப் பந்துகளே எண்ணப்படுகின்றன. 2014இல் வந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலின்படி 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது; 66 பந்துகளைத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமேனும் எறிதலிலிருந்து விலகியிருக்கவும் அது அறிவுறுத்துகிறது. இவ்வளவு இருந்தும் காயங்கள் ஓயவில்லை. என் நோக்கில் முதன்மைக் காரணம் எளியது. பள்ளி அணி தன் பந்துகளை எண்ணுகிறது. வார இறுதி மன்ற அணி தன்னுடையதை எண்ணுகிறது. தனிப்பயிற்சியாளரிடம் எறிவதை எவரும் எண்ணுவதில்லை. கை மட்டும் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறது. மூன்று இடங்களுக்கும் பிள்ளையை அழைத்துச் செல்பவர் பெற்றோர் ஒருவரே. ஆகவே முழுக் கணக்கும் அவரிடம்தான் இருக்க முடியும்.

'அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமே' என்ற எண்ணமும் பரவியுள்ளது. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்னும் வீரரின் முழங்கைத் தசைநாரை முதன்முதலாகச் சீரமைத்தார்; அவ்வீரர் திரும்பி வந்து பல்லாண்டு ஆடினார். அந்த வெற்றியே ஒரு மாயையையும் வளர்த்துவிட்டது. ஓர் அமெரிக்க ஆய்வில், காயமே இல்லாவிடினும் ஆட்டத்தை மேம்படுத்த இச்சிகிச்சை செய்யலாம் என உயர்நிலைப் பள்ளி வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கருதினர். உண்மையில் அது இழந்ததை மீட்கும் முயற்சி மட்டுமே. மீண்டு களம் காண ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். எறிதலின் விசை காலில் தொடங்கி, இடுப்பிலும் உடற்பகுதியிலும் ஏறி, இறுதியில்தான் கைக்கு வருகிறது. கால்களும் இடுப்பும் வலுக்குறைந்தால் அக்குறையைத் தோளும் முழங்கையும் ஈடுசெய்யும். எனவே இளம் வயதில் ஓட்டம், நீச்சல், ஒற்றைக் காலில் சமநிலை, முதுகு-வயிற்றுத் தசைப் பயிற்சி ஆகியவற்றுக்கே நேரம் செலவிடல் நன்று. எடை கூட்டிய பந்துகளை எறியச் செய்து விரைவில் வேகம் ஏற்றும் முறை இப்போது செல்வாக்குப் பெற்றுள்ளது. 2018இல் வெளியான ஆய்வொன்றில் அம்முறையால் வேகம் சற்றுக் கூடியது உண்மையே. அக்குழுவில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு முழங்கைக் காயமும் நேர்ந்தது. பயன்படுத்தாத குழுவில் காயம் இல்லை. இந்த வணிகத்தில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் பேஸ்பால் ஆடுவோர் சிலரே. ஆனால் வேகப்பந்து வீசும் பிள்ளைகள் தெருவெங்கும் உள்ளனர். அவர்களுக்குக் கை நீட்டியே இருப்பதால் முழங்கைக்கு மாறாகக் கீழ்முதுகு இலக்காகிறது. பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில், முதுகெலும்பின் மெல்லிய பகுதியில் நுண்விரிசல் தோன்றும். 1987 முதல் 2012 வரை சென்னையின் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சு அறக்கட்டளையில் இளைஞர்களைப் பயிற்றுவித்த டென்னிஸ் லில்லியே 1973இல் இத்தகைய முதுகு முறிவால் நெடுநாள் ஒதுங்கியிருக்க நேர்ந்தவர்தாம். வீசும்போதும் குனிந்து நிமிரும்போதும் ஒரு பக்கமாகக் கீழ்முதுகு வலிப்பதாகப் பிள்ளை கூறினால் தைலம் தடவி அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். வீசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட விரிசல் பெரும்பாலும் ஓய்வாலும் முறையான இயன்முறைச் சிகிச்சையாலும் கூடிவிடும்.

வரும்போது ஒரு சிறு குறிப்பேடும் கொண்டுவந்தால் பேருதவியாகும். வீசிய நாள், எந்த அணிக்காக, வலைப்பயிற்சியையும் சேர்த்து எத்தனை பந்துகள், மறுநாள் காலை வலி இருந்ததா: இந்த நான்கும் போதும். வலி தொடங்கிய நாளைப் பெரும்பாலான பெற்றோர் சரியாகவே சொல்வர். அதற்கு முந்திய நான்கு வாரங்களில் பிள்ளை எவ்வளவு வீசியது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்க மருத்துவருக்கு வேண்டிய செய்தி. அதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.