முற்பணம் எங்கே?

உழவு இயந்திரம் வாங்கும் கமக்காரன் முற்பணத்தை விற்பனையாளனிடம் எண்ணிக் கொடுக்கிறான். ஒப்பந்தத்தையோ நிதிக் கம்பனியுடன் எழுதுகிறான். இடையில் அம்முற்பணம் கணக்கில் ஏறாது போனால் நட்டம் யாருக்கு?

விலை 20 இலட்சம், முற்பணம் 5 இலட்சம் எனக் கொள்வோம். 15 இலட்சமாக வேண்டிய கடன் 20 இலட்சமாகிறது. தொடக்கக் கடன் முழுவதற்கும் ஆண்டுக்கு 15 வீத வட்டி என்றால், 4 ஆண்டுகளில் அவன் கொடுத்த 5 இலட்சத்தை மீண்டும் கொடுப்பதோடு, அதற்கு 3 இலட்சம் வட்டியும் செலுத்துகிறான். “மறந்துவிட்டோம்” என்பது இதற்கு விடையாகுமா?

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு மாறான வாய்ச்சொல்லைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலின் கமக்காரப் பெருமக்களே, பற்றுச்சீட்டின்றிப் பணம் கொடாதீர்! முற்பணத் தொகை பத்திரத்தில் இல்லையேல் கையொப்பமிடாதீர்! கற்றோரே, அயலவரின் பத்திரத்தை வாசித்து விளக்குவது உங்கள் கடனன்றோ?