நாட்கூலி என்னும் அளவுகோல்

அதிகாலை ஐந்து மணிக்குச் சாம்பல்தீவுப் பாலத்தருகே நின்று நிலாவெளி வீதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. பின்னிருக்கையில் மீன் பெட்டியைக் கயிற்றினாற் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றை அடுத்து மேசன்மார் வருகின்றனர். ஏழு மணியானதும் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு தாய்மார் பள்ளிக்கூடம் நோக்கிப் புறப்படுகின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே வீதியில் மோட்டார் சைக்கிளின் ஓசை கேட்டால், வருபவர் வைத்தியரோ நில அளவையாளரோ என்று ஊரார் எட்டிப் பார்ப்பார்கள். இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டு, நாடு செழித்துவிட்டது என்று சொல்வாரும் உளர். விலைவாசி எல்லை கடந்துவிட்டது என்று புலம்புவாரும் உளர். அண்மையில் எங்களூர் வாசிகசாலைத் திண்ணையில் இவ்விரு கட்சியாரும் மோதிக்கொண்டனர். என் வயதினர் ஒருவர், "நாங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய வண்டிக்கு இன்று இலட்சக்கணக்கிற் கேட்கிறார்களே!" என்று அங்கலாய்த்தார். அருகிலே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் என்னிடம் திரும்பி, "அப்போது உங்கள் சம்பளம் எவ்வளவு, சேர்?" என்று கேட்டான். திண்ணையில் இருந்தவர்களுள் அறிவுடைய கேள்வி கேட்டவன் அவன் ஒருவனே.

ரூபாய் ஓர் அளவுகோலன்று. முழக்கோல் ஆண்டுக்காண்டு சுருங்குமாயின் அதைக்கொண்டு வளவை அளக்க முடியுமா? உழைக்கும் மனிதனுக்கு மாறாத அளவுகோல் ஒன்றே உண்டு. அஃது அவனுடைய நாள். ஒரு பொருளை வாங்க எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்று கேட்டால், அப்பொருளின் உண்மையான விலை வெளிப்பட்டுவிடும்.

முதலில் என் தந்தையார் காலத்தைப் பார்ப்போம். அவர் திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்திற் கூலிவேலை செய்தவர். பிரித்தானியர் அத்தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள். அதற்கு முன்னும் பின்னும் அவர் வேலைக்குச் சென்றது துவிச்சக்கர வண்டியிலேதான். வெள்ளைக்கார அதிகாரிகள் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளிற் போவதைப் பற்றி அவர் பேசும்போது, வானூர்தியைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். அதே பி.எஸ்.ஏ. தொழிற்சாலை 1948 இல் வெளியிட்ட 'பான்டம்' என்னும் சிறு வண்டியின் விலை, வரி நீங்கலாக 60 பவுண். ஆங்கிலேயத் தொழிலாளியின் வாரக் கூலியோ அக்காலத்தில் ஏறக்குறைய 7 பவுண். வரியைச் சேர்த்தாலும் பதினொரு வாரக் கூலியில் அவன் அதை வாங்கிவிடலாம். யப்பானில் ஹொண்டா நிறுவனம் 1958 இல் 'சூப்பர் கப்' வண்டியை 55,000 யென்னுக்கு விற்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியின் நான்கு மாதச் சம்பளம் அது. அந்நாடுகளில் தொழிலாளிக்கும் எழுதுவினைஞனுக்கும் என்றே வண்டி செய்தார்கள். நம் நாட்டுக்கு வந்ததும் அதே வண்டி துரைமாரின் பொருளாயிற்று. இரும்பு ஒன்றே, கூலி வேறு.

அடுத்தது என் காலம். நான் ஆசிரியனாக நியமனம் பெற்றது 1979 இல். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1977 இல் தளர்த்தப்பட்டபின் யப்பானிய வண்டிகள் நகரத்துக் கடைகளில் வரிசையாக நின்றன. புதிய வண்டியொன்றின் விலை என்னுடைய இருபது மாதச் சம்பளம். உண்ணாமல் உடுக்காமல் இருபது மாதம் உழைத்தால் வாங்கலாம்! ஆகையால் பழைய ஹொண்டா ஒன்றைத் தேடினேன். சீட்டுப் பணத்தோடு என் மனைவியின் காப்புகளும் சேர்ந்தே அதை வீட்டுக்குக் கொண்டு வந்தன. 1990 இல் ஊரைவிட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது பெற்றோல் இல்லாத அந்த வண்டியைச் சாய்ப்பிலேயே விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது சாய்ப்பும் இல்லை, வண்டியும் இல்லை. மனைவி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. வெறுங்கையைப் பார்க்குந்தோறும் எனக்குத்தான் அந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

போர் 2009 இல் முடிந்தது. இந்தியாவிலிருந்து பஜாஜ், ஹீரோ, ரி.வி.எஸ். வண்டிகள் ஏராளமாக வந்திறங்கின. பெருந்தொகையாகச் செய்வதனால் மலிவாகச் செய்யப்படும் வண்டிகள் அவை. மீனவரும் மேசனும் மோட்டார் சைக்கிள் ஏறியது அப்போதுதான். இம்மாற்றத்தை நான் குறைத்துக் கூறமாட்டேன். நடுராத்திரியிற் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணைக் கட்டை வண்டியில் ஏற்றிச் சென்ற காலத்தை அறிந்தவன் நான்.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2016 இல் முதன்முதலாகச் சட்டமாக்கப்பட்டபோது நாட்கூலி 400 ரூபாய். அது 2021 இல் 500 ஆகவும், 2024 இல் 700 ஆகவும், 2025 இல் 1,080 ஆகவும், 2026 சனவரியில் 1,200 ஆகவும் உயர்த்தப்பட்டது. பத்தாண்டில் மும்மடங்கு! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. 2016 இல் என் அயல்வீட்டு இளைஞன் வாங்கிய சிறு வண்டியின் விலை இரண்டு இலட்சத்தை ஒட்டியது. அஃதாவது 500 நாட்கூலி. இன்று அத்தகைய வண்டிக்கு ஆறு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் 500 நாட்கூலி. பத்தாண்டு ஓட்டத்தில் உழைப்பாளி ஓர் அடியும் முன்னேறவில்லை. விலை ஏறிவிட்டதெனப் புலம்பிய என் நண்பரும் பிழை. கூலி ஏறிவிட்டதென மகிழ்வோரும் பிழை. சட்டக் கூலிக்கு மேல் உழைக்கும் மேசனுக்கு நாட்கள் குறையும் என்பது உண்மையே. ஆனால் மழைக்காலத்தில் அவனுக்கு வேலையில்லை என்பதும் உண்மையே.

இடையில் நேர்ந்தவற்றையும் மறத்தலாகாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. 2022 யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாயிற்று. அப்போது 500 ரூபாய் நாட்கூலிக்காரன் ஒருநாள் முழுவதும் உழைத்தால் அவனுக்குக் கிடைத்தது ஒரு லீற்றர் பெற்றோலும் ஒரு கோப்பைத் தேநீருமே.

பாக்குநீரிணையின் அக்கரையைச் சற்று நோக்குவோம். தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்தின் கூலி 2025-26 நிதியாண்டில் நாளொன்றுக்கு 336 இந்திய ரூபாய். அங்கே சாதாரண வண்டியொன்று ஏறக்குறைய 75,000 ரூபாய், 223 நாட்கூலி. 2025 செப்டெம்பரில் அந்நாட்டு அரசு சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. அதே வண்டி கடலைக் கடந்து வந்ததும் நம்மவனுக்கு இருமடங்குக்கு மேற்பட்ட நாட்களாகிவிடுகிறது. கப்பற் கூலி இத்துணை ஆகுமா? ஆகாது. வரியின்மேல் வரியும் நாணயத்தின் வீழ்ச்சியும் சேர்ந்து செய்த வேலை அது.

இவற்றிலும் கொடியது தவணைக் கணக்கு. எங்களூரில் மொத்தப் பணங் கொடுத்து வண்டி வாங்குவோர் அரியர். ஒன்றரை இலட்சம் முற்பணம் கட்டி, மிகுதி நாலரை இலட்சத்துக்கு மாதம் 15,500 ரூபாய் வீதம் 48 மாதம் செலுத்துவதாகக் கொள்வோம். மொத்தம் 8,94,000 ரூபாய், 745 நாட்கூலி. இதில் 245 நாள் வட்டிக்கே போய்விடுகிறது. வட்டிக்காக மட்டும் நம்மவன் உழைக்கும் நாட்களில் அக்கரையிலுள்ளவன் ஒரு வண்டியே வாங்கிவிடலாம்! அங்கும் தவணையும் வட்டியும் உண்டு என்பதை நான் அறிவேன். ஆயினும் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் பெறுபவன் அதிற் பாதிக்கு மேல் ஒரு வண்டிக்குக் கொடுத்துவிட்டு எதை உண்பான்? இரண்டு தவணை தவறினால் வண்டியை எடுத்துச் செல்ல ஆள் வருகிறது. என்னிடம் படித்த ஒருவனுடைய வண்டியை அவ்வாறு கொண்டு சென்றபோது, மீன் பெட்டி மட்டும் வீதியோரத்திற் கிடந்தது. அவன் முப்பது தவணை கட்டியிருந்தான்.

'மோட்டார் சைக்கிள் ஆடம்பரம். வேண்டுமானால் பஸ்ஸிற் போகட்டும்' என்பார் சிலர். விடியுமுன் மீன் வாடிக்குப் போய்ச் சேரும் பஸ் எது என்று அவர்கள் காட்டுவார்களாக. 'டொலர் வெளியே போகிறது' என்பார் வேறு சிலர். நியாயமான கவலையே. ஆனால் அதே டொலரைக் கொண்டு வரும் சொகுசுக் காருக்கும் மீன்காரனின் வண்டிக்கும் ஒரே கண்கொண்டு பார்ப்பது நீதியன்று. விபத்துக்களைச் சுட்டுவோரும் உளர். அதற்கு நல்ல வீதியும் தலைக்கவசமும் வேண்டும், வறுமை வேண்டியதில்லை.

மண்வெட்டியும் வலையும் போலச் சிறு மோட்டார் சைக்கிளும் இன்று ஒரு தொழிற்கருவி. அரசு வரி விதிக்கும்போது அதை அவ்வாறே கருதவேண்டும். தவணைப் பத்திரத்தின் முதற் பக்கத்திலே, மாதத் தொகையோடு மொத்தத் தொகையையும் பெரிய எழுத்திற் பொறிக்கச் சட்டம் வேண்டும். ஆசிரிய நண்பர்களிடமும் ஒன்று கேட்பேன். வகுப்பிலே தனிவட்டி, கூட்டுவட்டி கற்பிக்கும்போது எங்கோ ஒரு வணிகன் எவருக்கோ கொடுத்த கடனை விடுத்து, வீதியில் ஓடும் இந்த வண்டியின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். விடையை ரூபாயில் நிறுத்தாமல் நாட்களாக மாற்றச் சொல்லுங்கள். அன்று திண்ணையிற் கேள்வி கேட்ட இளைஞனுக்கு நான் அந்தக் கணக்கைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுவாரம் தவணைக்கு வண்டி எடுக்கப் போவதாக இருந்தவன், இன்னும் ஓராண்டு சேமித்து முற்பணத்தைக் கூட்டப் போவதாகச் சொல்லிச் சென்றான்.