நிதானம் யாருக்குச் சொந்தம்?

சேலம், தருமபுரிப் பக்கமிருந்து ரயிலேறியும், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறியும் மைசூருக்குப் பிழைக்க வரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு குறை சொல்வார்கள். "என்ன ஊர் இது, பத்து மணிக்குத்தான் கண் விழிக்கிறது. மதியம் கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்கிறான்." சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமையும் தெரியும். நாம் சுறுசுறுப்பானவர்கள், இவர்கள் சோம்பேறிகள் என்பது அதன் உட்பொருள். சங்கத்துக்கு வருகிறவர்களிடம் இந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். நாமும் பேசியிருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தப் பேச்சைக் கைவிட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கன்னடத்தில் மெதுவாக என்பதற்கு 'நிதான' என்பார்கள். கிழவி ஒருத்தி பஸ் ஏறினால் கண்டக்டர் "நிதானவாகி" என்று கை கொடுப்பார். அதே சொல் தமிழில் நிதானம். தடுமாறாமல் இருப்பவனை நிதானமானவன் என்கிறோம். குடித்தவனை நிதானம் இழந்தவன் என்கிறோம். அவர்களுக்கு வேகம் குறைவு, நமக்கு அறிவுத் தெளிவு! ஒரே சொல்லை இரண்டு வீட்டிலும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏளனம் செய்கிறோம்.

இப்போது நம் பிள்ளைகள் செல்போனில் வேறொரு கதை பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கை நிறையச் சம்பாதித்தவர்கள் அலுத்துப்போய் ஸ்பெயின் நாட்டுக்குக் குடிபோகிறார்களாம். அங்கே மதியம் இரண்டு மணி நேரம் சாப்பாடு, பிறகு குட்டித் தூக்கம், இரவு பத்து மணிக்கு வீதியில் நாற்காலி போட்டுப் பேச்சு. 'மெதுவாக வாழக் கற்றுக்கொண்டோம்' என்று அவர்கள் பூரிப்பதைப் பார்த்து நம் பையன்களும் ஏங்குகிறார்கள். ஊரை விட்டு வந்து வேற்று மொழிக்காரர் நடுவே வாழும் நமக்கு இந்தக் கதையில் அக்கறை உண்டு. ஆனால் கதையின் பாதிதான் செல்போனில் வருகிறது.

மீதிப் பாதியைக் கேளுங்கள். 1919 பிப்ரவரியில் பார்சலோனா நகரில், மக்கள் 'கனடியக் கம்பெனி' என்று அழைத்த மின்சாரக் கம்பெனியில், அலுவலக எழுத்தர்கள் எட்டுப் பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். நம்மைப் போன்ற பேனா பிடிக்கும் குமாஸ்தாக்கள். அவர்களுக்காக மற்ற எழுத்தர்கள் எழுந்தார்கள், பிறகு மின் தொழிலாளர், பிறகு நகரமே எழுந்தது. விளக்கு எரியவில்லை, டிராம் ஓடவில்லை, ஆலைகள் நின்றன. 44 நாள் வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அந்த ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் 8 மணி நேர வேலை நாளைச் சட்டமாக அறிவிக்க நேர்ந்தது. வீதியில் நாற்காலி போட அவர்களுக்கு மாலைப் பொழுது கிடைத்த வரலாறு இது. வெயிலும் திராட்சை ரசமும் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

மதியத் தூக்கக் கதையும் அப்படியே. இன்றைய ஸ்பெயினில் பெரும்பாலான உழைப்பாளிகள் மதியம் தூங்குவதில்லை. கடைச் சிப்பந்திக்கு மதியம் நீண்ட இடைவேளை உண்டுதான். ஆனால் வீடு தூரமாக இருந்தால் அவர் எங்கே போய்ப் படுப்பார்? மாலையில் திரும்பவும் கடை திறந்து, எட்டு மணி, ஒன்பது மணிக்கு வீடு சேர்கிறார். இரவுச் சாப்பாடு தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். (பிராங்கோ 1940இல் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு ஒரு மணி முன்னே தள்ளிவைத்ததும், அது இன்றுவரை திரும்பாததும் இன்னொரு காரணம்.) வெளிநாட்டிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து தங்குவோருக்கு 2023 முதல் அந்நாடு தனி விசா கொடுக்கிறது; குறிப்பிட்ட வருமானம் இருந்தால்தான் கிடைக்கும். வாடகை ஏறி உள்ளூர்க்காரர் தவிக்க, 2024 கோடையில் பார்சலோனா மக்கள் சுற்றுலாவின் பெருக்கத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஆக, ஒருவர் வாங்கும் நிதானத்துக்கு இன்னொருவர் ஓட வேண்டியிருக்கிறது.

மைசூரில் இது நமக்குத் தெரியாததா? ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்று இந்த ஊருக்குப் பெயர். குக்கரஹள்ளி ஏரிக் கரையில் காலையில் நடப்பவர்களைப் பாருங்கள், நல்ல காட்சிதான். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது யார்? அவர்களுக்கு மாடி கட்டச் செங்கல் சுமப்பது யார்? 2022 நவம்பரில் சென்னையிலிருந்து வந்தே பாரத் வந்தது, 2023 மார்ச்சில் பெங்களூரிலிருந்து விரைவுச் சாலை வந்தது. வேகமாக வந்து மெதுவாக வாழ விரும்புகிறவர்கள் மனை வாங்குகிறார்கள். நம் குடும்பங்கள் வாடகைக்கு இன்னும் தள்ளி, ஊர் எல்லைக்குப் போகின்றன. போக வர ஒன்றரை மணி நேரம் கூடுகிறது.

இங்கேதான் நம் சுறுசுறுப்புப் பெருமையை உரசிப் பார்க்க வேண்டும். மேஸ்திரி முதுகில் தட்டி, "தமிழாளுன்னா தமிழாளுதான், பொழுது சாய்ஞ்சாலும் வேலையை முடிச்சுட்டுத்தான் இறங்குவான்" என்கிறான். நம் ஆள் மகிழ்ந்துபோகிறான். அந்தப் பாராட்டின் விலை இரண்டு மணி நேரக் கூலி என்பதை அவன் கணக்குப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஐந்தரை மணிக்குக் கை கழுவிய கன்னடத் தொழிலாளி சோம்பேறி ஆகிவிடுகிறான். அடுத்த வேலைக்கு அவனை மேஸ்திரி கூப்பிடுவதில்லை. அவனுக்கு நம்மேல் ஏன் கசப்பு வராது? கசப்பு வந்ததும் அது காவிரித் தண்ணீரோடு கலக்கிறது.

1991 டிசம்பரை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் மாநில எல்லை தாண்டி ஓடினார்கள். அந்த நாட்களில் யார் யாருக்கு அடைக்கலம் கிடைத்தது என்று கேட்டால், பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான். மாலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களைக் கன்னடக் குடும்பங்கள் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தின. இரவு பகலாக ஓவர்டைம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். "ஊட்டா ஆயிதா?" என்று அவர்கள் கேட்கும்போது நின்று பதில் சொல்லவும் நேரம் வேண்டும் அல்லவா!

ரயில்வேயில் நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. பணி நேர விதிகளில் 'இடைவிட்ட வேலை' என்று ஒரு வகை. எப்போதோ ஒரு வண்டி வரும் கேட்டில் இருப்பவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் பெயருக்கு நேரே நெடுங்காலம் 12 மணி நேரம் எழுதினார்கள். காத்திருப்பது ஓய்வு என்று மேசையில் இருப்பவர்கள் தீர்மானித்தார்கள்! 1974 மே 8 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் 8 மணி நேர வேலையும் ஒன்று. அதற்கும் முன்னால், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பின்னி ஆலைத் தொழிலாளர் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சோறு தின்ன நேரம் போதவில்லை என்பது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றினார். மெதுவாகச் சாப்பிடும் உரிமையைக் கேட்டவர்கள் நம் பாட்டன்மார்.

2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்தது. வாரக் கணக்கு 48தான், விரும்பினால்தான் என்று சமாதானம் சொன்னார்கள். வாயிலில் ஆள் காத்திருக்கும் ஊரில் விருப்பம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் அப்படியே ஒரு மசோதா நிறைவேறி, எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அங்கே நடந்தது இங்கே நடக்கவில்லை. இங்கே நாம் கன்னடத் தொழிலாளரோடு சேர்ந்து நின்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்கள் நிதானம் பழகித் திண்ணையில் உட்கார்ந்தால், காபி கொண்டுவருவது யார்? நான்கு வீட்டில் வேலை செய்துவிட்டு வரும் நம் சகோதரிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? பல வீடுகளில் இல்லை. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்ததாக ஒரு அம்மா போன கூட்டத்தில் சொல்லி அழுதார்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று நேரம் எழுதிவாருங்கள்: வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், மதியச் சோற்றுக்குக் கிடைக்கும் நேரம், வீடு திரும்பும் நேரம். பெண்களுக்குத் தனியாக எழுதுங்கள். கட்டட வேலை செய்வோர் பக்கத்தில் வேலை பார்க்கும் கன்னடத் தோழர் ஒருவரையும் அழைத்துவாருங்கள். கூட்டம் இரண்டு மொழியிலும் நடக்கும். கூட்டம் மாலை ஐந்தரைக்கு. மேஸ்திரியிடம் அன்றைக்கு மட்டுமாவது நேரத்தோடு இறங்குவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.